மாஸ்டர் மிச்சம் பிடித்த ஃபிலிம்

என் அக்காவின் கணவரை அத்தான் என்று கூப்பிடுகிறவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஆயத்த ஆடை தைக்கும் பட்டறை ஒன்றில் துணி வெட்டும் மாஸ்டராக இருந்தார். வரிசையாக மெஷின்கள் ஓடுகிற கூடத்தின் ஓரமாக, நாலு பேர் நீட்டிப் படுக்கலாம் என்கிற மாதிரி ஒரு மேஜை. அதன் மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு அட்டைகளைப் பரப்பி, சாக்பீஸால் கோடு இழுத்து வெட்டுவது அவர் வேலை.

துணியில் மிச்சம் பிடிப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. சட்டைக் கையின் வளைவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கும். காலர் அட்டையைத் திருப்பி, சாய்த்து, அந்த இடத்தில் ஒண்ட வைத்துவிடுவார். அவர் வெட்டிய பிறகு கீழே விழுகிற துண்டுகளைச் சேர்த்தால் ஒரு எலிக்குப் படுக்கை விரிக்கக்கூடப் போதாது என்று மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். அந்தக் கேலிதான் அவருக்குப் பட்டம் மாதிரி.

அவர் கைக்குக் கேமரா வந்ததும் துணியால்தான். பட்டறைக்கு மெஷின் பழுது பார்க்க வருகிற மெக்கானிக் ஒருவர், குளிர் மிகுந்த ஊருக்குப் போய் மகனோடு இருக்கப் போவதாகச் சொல்லி, கனத்த கோட்டு ஒன்று தைத்துத் தரும்படி கேட்டார். அத்தான் ராப்பகலாக உட்கார்ந்து அதை முடித்தார். மெக்கானிக் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, தோல் உறையோடு ஒரு பழைய கேமராவை எடுத்து மேஜை மேல் வைத்தார். அப்போதே அந்தக் கேமராவுக்கு வயது அதிகம். அக்கா அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள். "கோட்டு போச்சு, எடைக்கல்லு வந்துச்சு" என்றாள்.

எடைக்கல் மாதிரிதான் இருந்தது. முழுக்க இரும்பும் கண்ணாடியும். பேட்டரி கிடையாது. வெளிச்சத்தைக் கேமரா சொல்லாது, நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அத்தான் தெருவில் இறங்கித் தன் உள்ளங்கையை நீட்டுவார். தரையில் விழுகிற நிழலின் ஓரம் கத்தரித்த மாதிரி இருந்தால் ஒரு கணக்கு, பிசிறடித்தால் ஒரு கணக்கு, நிழலே விழாவிட்டால் ஒரு கணக்கு. கையை நீட்டிக்கொண்டு தெருவில் நிற்பவரைப் பார்த்து, மழைக்கு முன்பதிவு செய்கிறாரா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

அந்தக் கேமராவின் விசேஷம் அதன் நெற்றியில் இருந்த ஜன்னல்கள். ஓரத்தில் ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பின்பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் எதிரே இருப்பது அப்படியே பளிச்சென்று தெரியும். ஆனால் நட்டநடுவில் ஒரு சின்னச் சதுரம், எலுமிச்சை நிறத்தில். அந்தச் சதுரத்துக்குள் மட்டும் எல்லாம் இரண்டாகத் தெரியும். ஒரு மூக்கு இருக்கிற இடத்தில் இரண்டு மூக்கு. லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்பினால் ஒரு மூக்கு நகர்ந்து போய் இன்னொன்றின் மேல் உட்காரும். இரண்டும் ஒன்றானால் படம் தெளிவாக விழும் என்று அர்த்தம். மெக்கானிக் இதை விளக்கத் தொடங்கியபோதே அத்தானுக்குப் புரிந்துவிட்டது.

"கோடு போட்ட துணியை வெட்டித் தைக்கிற மாதிரிதான். இந்தப் பக்கத்துக் கோடும் அந்தப் பக்கத்துக் கோடும் தையல்ல சேரணும். சேரலைன்னா சட்டை கோணும்" என்று எனக்குச் சொன்னார். எனக்கும் அப்படிச் சொன்னதும்தான் புரிந்தது.

புரிந்ததே தவிர, முதல் படம் கறுப்பாக வந்தது. எங்கள் குடும்பம் முழுவதையும் மொட்டை மாடியில் நிற்கவைத்து, குட்டையானவர்களை முன்னால் இழுத்துவிட்டு, ஒவ்வொருவர் மூக்காகச் சேர்த்து, நேரம் எடுத்துத்தான் எடுத்தார். லென்ஸின் மூடியைக் கழற்றவில்லை. இந்தக் கேமராவில் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் விழுகிற கண் வேறு. கண்ணுக்குத் துணி கட்டியிருந்தாலும் ஜன்னல் வழியாக எல்லாம் நன்றாகத் தெரியும். ஃபிலிம் கழுவுகிற கடைக்காரர் மிகவும் மரியாதையாக, அமாவாசை அன்றைக்கு எடுத்தீர்களா என்று கேட்டாராம். அந்தக் கறுப்பு அட்டையை அக்கா வெகு நாள் அலமாரியில் வைத்திருந்தாள். விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டி, "இதோ, இதுதான் நாங்க எல்லாரும், என் தங்கச்சி கண்ணை மூடிட்டா பாருங்க" என்பாள்.

பிறகு நன்றாகவே எடுத்தார். அந்தக் கேமரா ஆளிடம் ஒரு கெஜத்துக்குக் கிட்டே போக விடாது. வளையம் அத்தோடு நின்றுவிடும். மரியாதை தெரிந்த கேமரா என்பார் அத்தான். சத்தமும் அப்படித்தான், நூல் முனையைக் கத்தரித்த மாதிரி 'நறுக்'கென்று ஒன்று, அவ்வளவுதான். பட்டறைப் பெண்கள் மதியம் சாப்பிட்டுவிட்டு மெஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்குவதை எடுத்திருக்கிறார். ஒருத்திகூட விழித்ததில்லை. படத்தைக் கையில் கொடுத்ததும், வாய் திறந்திருக்கும்போதா எடுப்பது என்று சண்டைக்கு வந்தவர்கள், அடுத்த வாரமே இன்னொரு பிரதி கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஃபிலிமிலும் அவர் மிச்சம் பிடித்தார். ஃபிலிம் சுருள் ஒரு சின்ன டப்பாவுக்குள் இருக்கும். அதன் வாயில் நாக்கு மாதிரி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். கேமராவின் முதுகைத் திறந்து, அந்த நாக்கை இழுத்து, எதிர்ப்பக்கம் இருக்கிற உருளையின் பிளவில் செருக வேண்டும். பிடி இறுகுவதற்காகப் பொதுவாக எல்லோரும் தாராளமாக இழுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார்கள். அந்தச் சுற்று வெளிச்சம் பட்டு வீணாகிவிடும். அத்தானுக்கு அது பொறுக்காது. நுனி நாக்கை மட்டும் பிளவில் கடிக்கவிட்டு மூடிவிடுவார். முப்பத்தாறு படம் என்று எழுதியிருக்கிற சுருளில் முப்பத்தெட்டு எடுப்பார். கழுவுகிற கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். ஒரு நாள் இது வழுக்கிவிடும் மாஸ்டர் என்று அவர் சொன்னதை அத்தான் காதில் வாங்கவில்லை. அவருக்குத் தைரியம் கொடுத்தது மேலே இருந்த சின்னக் குமிழ். ஃபிலிம் சரியாக ஓடினால், அடுத்த படத்துக்கு நகர்த்துகிற நெம்புகோலைத் தள்ளும்போது அந்தக் குமிழும் கூடவே சுற்றும். தொடக்கத்தில் ஒரு தடவை அது சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்வார். சுற்றினால் நிம்மதி.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே மகள். தவழும் வயதில் பட்டறைத் தரையில் கிடந்த பொத்தான்களைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வாள் என்பதால் அவளுக்குப் பொத்தான் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் வளர்ந்ததெல்லாம் அந்தக் கேமராவுக்கு எதிரேதான். கேமராவைப் பார்த்தால் மற்றப் பிள்ளைகள் விறைத்துக்கொள்ளும். அவள் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மின்சாமான் கடையில் வேலை பார்க்கிற பையன், நல்ல பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பா மரச்சாமான் கடை வைத்திருந்தார். குரல் கொஞ்சம் உசத்தி, மனசு குறைவில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு ஒரு கூடத்தில் சாப்பாடு, அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் படம் மட்டும் பெரிய ஸ்டுடியோவிலிருந்து ஆள் வந்து, குடை விளக்கெல்லாம் வைத்து எடுக்க வேண்டும் என்று சம்பந்தி ஆசைப்பட்டார். பேச்சு அதுவரை வந்ததும், ஓரமாக உட்கார்ந்திருந்த பொத்தான் வாயைத் திறந்தாள். தன் கல்யாணத்தைத் தன் அப்பாதான் எடுப்பார், வேறு யாரும் வேண்டாம் என்றாள்.

சம்பந்தி சிரித்தார். "எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் பெரிய உடம்பும்மா. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள அடங்குவோமா?"

"அடக்கிருவாரு மாமா. படம் நல்லா வரலைன்னா என்னைக் கேளுங்க" என்றாள் அவள்.

புது வீட்டு மனிதர்களிடம் அவள் பேசிய முதல் பேச்சே அதுதான். சம்பந்தியும் அதன் பிறகு ஸ்டுடியோ என்ற வார்த்தையை எடுக்கவில்லை. அப்போது ஆளுக்கொரு போன் வைத்துக்கொண்டு படம் எடுக்கிற காலம் வரவில்லை. அத்தான் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

முந்தின நாள் மாலை, அத்தான் கைகழுவித் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஃபிலிம் மாட்டினார். நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். "மகளுக்காக இன்னும் ஒரு படம்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் குறைவாக இழுத்து, நாக்கின் நுனியை மட்டும் பிளவில் செருகினார். மூடினார். நெம்புகோலைத் தள்ளினார். குமிழ் சுற்றியது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மறுநாள் பதிவு அலுவலகத்தின் மாடி அறையில், பச்சைத் துணி விரித்த மேஜைக்கு எதிர்மூலையில் அவர் நின்றார். மகள் போட்டிருந்த ரவிக்கையும் அவர் வெட்டியதுதான், மாப்பிள்ளை போட்டிருந்த கோட்டும் அவர் வெட்டியதுதான். ஆனால் அன்றைக்கு அவருக்குத் துணி கண்ணில் படவில்லை. அந்த ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. நூல் கத்தரிக்கிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. கடவுளே, இந்தப் பிள்ளைகளை நீ பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

கூடத்தில் சாப்பாடு நடந்தது. சாப்பிட்டவர்களை வரிசையாக நிற்கவைத்து எடுத்தார். சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லோரும் ஒரே படத்தில் அடங்க, அவர் சுவரோடு சுவராகப் பின்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. எடுத்து முடித்து என்னிடம் வந்தவர் முகம் அப்படியே மலர்ந்திருந்தது. கேமராவின் மேலே எத்தனை எடுத்தோம் என்று காட்டுகிற வட்டத்தை என் பக்கம் திருப்பினார்.

"நாப்பது தாண்டிருச்சு மச்சினி. இன்னும் போகுது பாரு. இப்படி ஒரு சுருள் எனக்கு அமைஞ்சதே இல்ல."

பெருமையில் நெம்புகோலை இன்னொரு தடவை தள்ளினார். தள்ளிய கை அப்படியே நின்றது. மறுபடி தள்ளிப் பார்த்தார், இந்தத் தடவை மெதுவாக. அவர் கண் குமிழுக்குப் போனது. அது சுற்றவில்லை. இரண்டு விரலால் குமிழைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இழுவையே இல்லாமல் அது கையோடு வந்தது.

கூடத்துக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கியிருந்த அறைக்குப் போனார். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் கேமராவின் முதுகைத் திறக்கிற சத்தம் கேட்டது. விரலால் தடவிப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. நாக்கு பிளவை விட்டு நழுவி, டப்பாவின் வாயிலேயே சுருண்டு கிடந்தது. முதல் ஒன்றிரண்டு தள்ளலிலேயே கழன்றிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அத்தனை நேரமும் உருளை வெறுமனே சுற்றியிருக்கிறது. எண்ணிக்கை வட்டத்துக்கு ஃபிலிம் ஓடுகிறதா என்பது தெரியாது. நெம்புகோலைத் தள்ளினால் ஒன்று கூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. கையெழுத்து போட்டது, மோதிரம் மாற்றியது, பெரியவர்கள் தலையில் கை வைத்தது, எதுவும் இல்லை. ஃபிலிம் முழுவதும் டப்பாவுக்குள்ளேயே புத்தம் புதிதாக இருந்தது.

அக்கா விளக்கைப் போட்டாள்.

"என்னங்க, இப்போ எதுவும் சொல்ல வேணாம். கழுவுற கடையில கெட்டுப்போச்சுன்னு அடுத்த வாரம் சொல்லிக்கலாம். படம் நல்லா வரும்னு அவ கொடுத்த பேச்சு போயிரும்ங்க, முதல் நாளே."

அத்தான் நாற்காலி அடுக்கில் சாய்ந்து நின்றார். அக்கா சொன்னது தப்பு என்று எனக்கும் சொல்ல வரவில்லை. பிள்ளைக்காகச் சொன்னாள். அந்தக் கடைக்காரர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் இருட்டறையில் நின்று கழுவிக் கொடுத்தவர், ஒரு ஃபிலிமைக்கூடக் கெடுத்ததில்லை. அத்தான் மனதிலும் அவர்தான் வந்து நின்றிருப்பார் போல. வெகு நேரம் அந்த டப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை, ஆண்டவனே, இவருக்கு உண்மையைச் சொல்ல வாயைக் கொடு என்று மட்டும் கேட்டேன்.

பிறகு அவர் அங்கேயே உட்கார்ந்து, அதே சுருளை மறுபடி மாட்டினார். நாக்கை நீளமாக இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகை மூடி, குமிழைப் பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

பொத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் வலிக்கிறது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் அவளுக்கு எதிரே குனிந்து நின்றார். ஃபிலிம் நழுவிவிட்டது, இதுவரை எடுத்த எதுவும் இல்லை என்று சொன்னார்.

"எதுவுமேவா?" என்றாள்.

"எதுவுமே இல்லம்மா. மிச்சம் பிடிக்கிறேன்னு, தையலுக்கு ஓரம் விடாம வெட்டிட்டேன்."

அவள் அழவில்லை. கோபமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் மாமனார் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். சம்பந்திக்கு விஷயம் போய்ச் சேர நேரமாகவில்லை. அவர் வந்து, எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே திரும்பப் போகலாம், தனக்குத் தெரிந்த அதிகாரிதான், மறுபடி ஒரு தடவை பேனாவைப் பிடித்தால் போதும் என்றார். அவர் குத்திக் காட்டவில்லை, உதவத்தான் நினைத்தார்.

பொத்தான் தலையை ஆட்டினாள். "வேணாம் மாமா. போட்டது போட்டதுதான். இன்னொரு தடவை போட்டா அது நடிக்கிறது." அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "மீதியை எடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவர் மீதியை எடுத்தார். எடுத்ததெல்லாம் நன்றாக வந்தது. ஆனால் கல்யாணத்தில் எது மீதியோ அதுதான் அந்தப் படங்களில் இருந்தது. அடுக்கிய தட்டுகள், நாற்காலியில் தூங்கிப்போன ஒரு பெரியவர், முன்பக்கத்தைத் திறந்துவிட்ட கோட்டோடு மாப்பிள்ளை. எல்லாவற்றிலும் மகள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கேமராவைப் பார்த்து நின்று சிரித்தாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

படங்களை வாங்கிக்கொண்டு போக மாப்பிள்ளையோடு வந்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். விடுபட்டதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வாரம் தவறாமல் வருவாள், அம்மாவோடு பேசுவாள், அப்பாவிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், போய்விடுவாள். அத்தான் பட்டறையில் ஒரு கட்டுத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அத்தனை வருஷத்தில் நடக்காதது. கேமரா உறைக்குள் போனது போனபடி அலமாரி மேல் இருந்தது. அவளைச் சம்பந்தி வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை என்று அக்காவுக்கு நிம்மதி. அத்தானுக்கு அது போதவில்லை. ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

"அவ என்னைத் திட்டமாட்டேங்கிறா மச்சினி. திட்டாம எப்படி முடியும் இது?"

பிரார்த்தனையில் அவர்கள் இருவரையும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொத்தானோடு சம்பந்தியம்மாவும் வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. கணவர் பேசுகிற இடத்தில் இவருக்குப் பேச இடம் கிடைத்திருக்காது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். படங்களை ஒட்டிய ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தார். அக்கா வாங்கிப் புரட்டினாள். பொத்தான் உள்ளே போய்ப் பாத்திரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். அங்கே தேய்க்க வேண்டிய பாத்திரம் எதுவும் இல்லை.

சம்பந்தியம்மா அத்தானைப் பார்த்து மெதுவாகத்தான் தொடங்கினார். ஸ்டுடியோவில் வேலை பார்க்கிற உறவுக்காரர் ஒருவர் அவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். படம் விழுகிற அந்த நொடி மட்டும் எடுக்கிறவர் கண்ணுக்கு எல்லாம் இருட்டிவிடுமாம். அது உண்மையா என்று கேட்டார்.

"அது உள்ளே கண்ணாடி வச்ச கேமராம்மா. கண்ணாடி மேலே தூக்கிக்கும், அதனால இருட்டும். இதுல கண்ணாடி இல்ல. ஜன்னல் வழியா பாக்கிறதுதான். நறுக்குங்கிற நொடியிலயும் எல்லாம் தெரியும்" என்றார் அத்தான்.

"அப்போ, கையெழுத்து போட்ட நேரம் நீங்க எல்லாத்தையும் பாத்தீங்க?"

"பாத்தேன்."

"நான் எங்கே இருந்தேன்?"

அத்தான் சொன்னார். அந்த ஜன்னலுக்குள் வெள்ளைக் கோட்டால் ஒரு பெரிய கட்டம் தெரியும், கோட்டுக்குள் இருப்பதுதான் படத்தில் விழும், ஆனால் கோட்டுக்கு வெளியே இருப்பதும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும் என்று விளக்கினார். சம்பந்தியம்மா அந்தக் கோட்டுக்கு வெளியே, இடது பக்கம், கம்பி போட்ட ஜன்னல் ஓரமாக நின்றிருக்கிறார். எல்லோரும் மேஜையைப் பார்த்த நேரத்தில் அவர் மட்டும் வெளியே திரும்பி, கைக்குட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். மகன் பேனாவை வைத்ததும் சட்டென்று திரும்பிச் சிரித்தார்.

சம்பந்தியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலைன்னு எங்க வீட்டுலயே பேசிக்கிட்டாங்க. அதான் திரும்பிக்கிட்டேனாம். அவன் எனக்கு ஒத்தப் புள்ளைங்க. அழுதா அவன் கை நடுங்கும்னு திரும்பினேன். அது யாருக்கும் தெரியாமப் போச்சேன்னு இருந்துச்சு."

"எனக்குத் தெரியும்மா. அழுதுட்டு, துடைச்சிட்டுத்தான் திரும்பினீங்க."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. பொத்தான் ஈரக்கையோடு நடை வாசலில் நின்றாள். எத்தனை நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"நான்?" என்று கேட்டாள்.

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த நாளைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. அவர் கை, தெரியாமலே, லென்ஸ் வளையத்தைத் திருப்புகிற மாதிரி மடியில் அசைந்தது.

"உன் புருவத்துல வச்சு ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தேன். பேனாவை வாங்கினே. மூடியைக் கழட்டினே. எழுதல. அந்த அதிகாரி விரலால இடத்தைக் காட்டினாரு, அப்பவும் எழுதல. நிமிர்ந்து என்னைத் தேடினே. அப்பதான் அமுக்கினேன். உன் கண்ணு நேரா என் மேலதான் இருந்துச்சு. ஆனா உனக்கு நான் தெரிஞ்சிருக்க மாட்டேன். கேமராதான் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சீங்க" என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"உங்க கேமராவுல ஜன்னல் மூலையில இருக்குப்பா. அதை வலது கண்ணுல வச்சா பாதி முகம்தான் மறையும். மீதி வெளியே இருக்கும். உங்க இடது கண்ணு திறந்திருந்துச்சு. வாய் ஓரம் சிரிச்சுது. பயப்படாதேங்கிற மாதிரி இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்து போட்டேன்."

ஈரக்கையை உடையிலேயே துடைத்துக்கொண்டாள். பிறகுதான் திட்டினாள். நன்றாகவே திட்டினாள். ஒரு படத்தை மிச்சம் பிடிக்க ஒரு கல்யாணத்தையே விட்டவர் உலகத்தில் இவர் ஒருத்தர்தான் என்றாள், புது வீட்டுப் படிக்கட்டில் தலையைக் குனிந்துகொண்டு ஏறியது தனக்குத்தான் தெரியும் என்றாள், அம்மா பொய் சொல்லச் சொன்னதும் தெரியும் என்று அக்காவையும் சேர்த்து வாங்கினாள். அக்கா ஆல்பத்தை மூடி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். அத்தான் ஒவ்வொன்றுக்கும் ஆமாம்மா, ஆமாம்மா என்றார். அவர் தோள் இறங்கி, முதுகு நாற்காலியில் சாய்ந்ததை நான் பார்த்தேன்.

திட்டி முடித்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அதுக்கு முன்னாடி இருந்து சொல்லுங்க. மாடிப்படி ஏறினதுல இருந்து. விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது."

சம்பந்தியம்மாவும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாடிப்படியில நீதான் முன்னாடி வந்தே" என்று அத்தான் தொடங்கினார். "வெளிச்சம் பின்னாடி இருந்து வந்துச்சு. உன் முகம் இருட்டாத்தான் விழுந்திருக்கும். ஆனா எனக்கு நல்லாத் தெரிஞ்சுது."